கடைவீட்டுச் சுவரில் தாத்தாவின் முகம்: வரையச் சொல்வதற்கு முன்

நீங்கள் கேட்டது இது. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கம் உங்கள் குடும்பக் கடை இருக்கும் கடைவீட்டின் பக்கச் சுவரில், கடையைத் தொடங்கிய தாத்தாவின் முகத்தைப் போட்டோ மாதிரி, கலரில், பெரிதாக வரைய வைக்க வேண்டும். கையில் இருப்பது ஒரே ஒரு பழைய கறுப்பு வெள்ளை ஸ்டூடியோ படம். அவ்வளவு பெரிய சுவரில் அளவு பிசகாமல் எப்படி வரைவார்கள், தாத்தா மாதிரியே வருமா, எத்தனை வருடம் நிற்கும், பேசாமல் பிரிண்ட் எடுத்து ஒட்டிவிடலாமா? நான்கு கேள்விகள்தான், ஆனால் அடியில் இருப்பது ஒரே பயம் என்று படுகிறது. இவ்வளவு செலவு செய்து, ஊரே நடக்கிற தெருவில், தாத்தா முகம் வேறு யாரோ மாதிரி ஆகிவிடக் கூடாது. இன்றைக்கும் ஆகக் கூடாது, ஐந்து வருடம் கழித்தும் ஆகக் கூடாது.

நான் இங்கே பல வருடமாகச் சுவர் வேலை பார்க்கிறேன். விளம்பரப் பலகையில் தொடங்கி, இப்போது பெரும்பாலும் முகங்கள். பெயிண்ட், சுவர், வெயில், மழை பற்றிக் கீழே சொல்வதெல்லாம் கைப்பழக்கத்தில் தெரிந்தது, அதை உறுதியாகவே சொல்கிறேன். அனுமதி, காப்புரிமை பற்றிச் சொல்வது இந்தத் தொழிலில் இருப்பவர் தெரிந்து வைத்திருக்கிற அளவுதான், நான் வழக்கறிஞர் இல்லை. உங்கள் சுவர் எத்தனை வருடம் தாங்கும் என்று அதைத் தொட்டுப் பார்க்காமல் யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நான் சொன்னாலும்தான்.

முதலில் அளவு. இதில் பயமே வேண்டாம், இந்தத் தொழிலில் தீர்ந்துபோன பிரச்சினை இது. சென்னையில் சினிமா பேனரும் கட்அவுட்டும் வரைந்தவர்கள் உள்ளங்கை அகல ஸ்டில்லில் கட்டம் போட்டு, அதே எண்ணிக்கையில் பலகையிலும் கட்டம் போட்டு, நடிகரின் முகத்தை மாடி உயரத்துக்குக் கொண்டுபோனார்கள். இன்றைக்கும் அடிப்படை அதுதான். எதிரே போதிய இடம் இருந்தால் இரவில் புரொஜெக்டர் வைத்துக் கோடு எடுப்பவர்கள் உண்டு. ஆனால் தேக்கா பின்சந்துகளில் அது சரிப்படாது. எதிர்ச்சுவர் மிக அருகில் இருக்கும், ஒளியைச் சாய்த்து அடிக்க வேண்டியிருக்கும், தாடை நீண்டுவிடும், போதாக்குறைக்குத் தெருவிளக்கு வேறு. அதனால் இப்போது பலரும் செய்வது கிறுக்கல் முறை. சுவர் முழுக்கக் கையெழுத்து, சுழி, எண், பெருக்கல் குறி என்று மனம்போன போக்கில் கிறுக்கி, அதைப் படம் எடுத்து, அதன்மேல் தாத்தாவின் படத்தைக் கைப்பேசியில் பாதி ஒளிபுகும்படி வைத்துக்கொள்வார்கள். இடது கண்ணின் ஓரம் இந்த '7' எண்ணின் வாலுக்குப் பக்கத்தில், மூக்கு நுனி அந்தச் சுழிக்குக் கீழே என்று பார்த்துப் பார்த்து வரைவார்கள். முதல் நாள் உங்கள் சுவர் சின்னப் பிள்ளைகள் கையில் சிக்கிய மாதிரி இருக்கும். பதற வேண்டாம். அடுத்த நாளே அடி வண்ணத்தில் எல்லாம் மறைந்துவிடும்.

ஜாடை வருமா என்பதுதான் கடினமான கேள்வி. அளவு சரியாக இருந்தும் ஜாடை வராமல் போகலாம். புதிதாக முகம் வரையச் சொல்பவர்கள் எல்லாருமே சுருக்கம், மயிர்க்கால், மூக்குத் துவாரம் என்று நுணுக்கத்தைத்தான் கேட்பார்கள். தெருவில் ஜாடையைக் காட்டிக்கொடுப்பது அதுவல்ல. எங்கே வெளிச்சம், எங்கே இருட்டு, அந்த இரண்டும் எந்த வடிவத்தில் சந்திக்கின்றன என்பதுதான். படத்தைக் கைப்பேசியில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் 'தாத்தா' என்று தெரிகிறது அல்லவா? அந்த அளவில் எது தெரிகிறதோ அதுதான் ஜாடை. மற்றதெல்லாம் அலங்காரம். இன்னொன்று, புருவம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பிரபலங்களின் படங்களில் கண்களை அழித்தபோது இருந்ததைவிட, புருவங்களை அழித்தபோது ஆளை அடையாளம் காண்பது கடினமாக இருந்தது. நாங்கள் இதைக் கை வழியாகவே தெரிந்து வைத்திருக்கிறோம். புருவத்தின் சாய்வு ஒரு விரல் மாறினால் ஆளே மாறிவிடுவார், கோபக்காரர் சாது ஆகிவிடுவார்.

கண்ணை எப்படி வரைகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். ஆறு மீட்டர் உயர முகத்தில் ஒரு கண்ணே ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம் வரும். வெள்ளைவிழி வெள்ளையாக இருக்காது. மேல் இமையின் நிழல் விழுவதால் அதன் மேற்பாதி அழுக்குச் சாம்பல் நிறம். அதை ஸ்பிரே பெயிண்ட் கேனில் அகல வாய்க் கேப், அதாவது பீய்ச்சும் முனை மாட்டி, ஒரு முழம் தள்ளி நின்று, கையை நிறுத்தாமல் ஊதுவார்கள். தள்ளி நின்று ஊதினால் ஓரம் மங்கலாகும், சுவரோடு ஒட்டி மெல்லிய கேப்பில் ஊதினால் கோடு விழும். கேனைச் சாய்த்துப் பிடித்தால் ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் புகை. இமையின் மடிப்பு இந்தச் சாய்வில்தான் பிறக்கிறது. கீழ் இமையில் ஈரம் மின்னும் ஒரு மெல்லிய கோடு உண்டு, அதை விட்டுவிட்டால் கண் பொம்மைக் கண்ணாகிவிடும். கடைசியாக, கருவிழியில் ஒளிப்புள்ளி. இரண்டு கண்ணிலும் அது ஒரே திசையில் விழ வேண்டும். ஒன்றில் பத்து மணி முள் நிற்கும் இடத்திலும் மற்றொன்றில் இரண்டு மணி முள் நிற்கும் இடத்திலும் வைத்தால் மாறுகண் மாதிரி தோன்றும், ஏனென்றே பார்ப்பவருக்குத் தெரியாது. இவ்வளவையும் கையெட்டும் தூரத்தில் நின்று பார்த்தால் வெறும் புள்ளியும் புகையும்தான். ஆளை மேலே தூக்கி நிறுத்தும் லிஃப்ட் வண்டியிலிருந்து இறங்கி எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தால்தான் அது கண்.

ஸ்பிரேயில் இப்படி போட்டோ போலவே கொண்டுவருகிறவர்கள் உலகத்தில் பலர் இருக்கிறார்கள். கிளாஸ்கோவில் இயங்கும் ஸ்மக், கைகளை வரைவதற்கே பேர்போன ஜெர்மனியின் கேஸ் மக்லேம், நம் ஊரில் செனோ2. சென்னையில் ஏ-கில், இந்திரா நகர் ரயில் நிலையத்தில் 2021இல் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களின் முகங்களையும் சேர்த்து வரைந்தார். ஊருக்குப் போகும்போது அவசியம் பாருங்கள். லிட்டில் இந்தியாவிலேயே ஸீரோ என்கிற ஸுல்கர்னாயின் ஓத்மான் வரைந்த ரஜினிகாந்த் இருக்கிறார். ரஜினியை வரைவதில் ஒரு சங்கடம், தெருவில் போகிற ஒவ்வொருவரும் பரீட்சைத் தாள் திருத்துவார்கள். உங்கள் தாத்தாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. திருத்தப் போவது உங்கள் பாட்டியும் அத்தைமார்களும்தான், அவர்கள் மதிப்பெண்ணில் ரொம்பக் கறார்.

பார்க்கும் இடத்தையும் யோசியுங்கள். இதை யாரும் கேட்பதே இல்லை, எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். ஒரு முகத்தைச் சங்கடமில்லாமல் முழுதாகப் பார்க்க, அதன் உயரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் தள்ளி நிற்க வேண்டும். ஆறு மீட்டர் முகம் என்றால் பன்னிரண்டு மீட்டர். உங்கள் சுவருக்கு எதிரே நான்கைந்து மீட்டர் சந்துதான் என்றால், கீழே நிற்பவருக்குத் தாடையும் மூக்குத் துவாரமும் பெரிதாகத் தெரியும், நெற்றி மேலே ஓடிப்போய்ச் சுருங்கிவிடும். அனுபவமுள்ளவர்கள் நெற்றியைக் கொஞ்சம் நீட்டி வரைந்து இதைச் சமாளிப்பார்கள். ஆனால் கீழே இருந்து பார்ப்பவருக்குச் சரி செய்தால் எதிர் மாடியிலிருந்து பார்ப்பவருக்குக் கோணலாகும். அதனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது, யார் எங்கே நின்று பார்க்க வேண்டும் என்பது. பெரும்பாலோர் சாலைத் திருப்பத்திலிருந்து பக்கவாட்டில்தான் பார்ப்பார்கள் என்றால், நேர் முகத்தைவிட லேசாகத் திரும்பிய முகம் நன்றாகத் தாங்கும். சந்து ரொம்பக் குறுகல் என்றால் முகத்தை இரண்டரை, மூன்று மீட்டரோடு நிறுத்திக்கொள்வது மேல். பெரிது என்பதாலேயே சிறப்பு ஆகிவிடாது.

அடுத்து அந்த ஸ்டூடியோ படம். பழைய ஸ்டூடியோக்காரர்கள் விளக்கைப் பக்கவாட்டில் வைத்தார்கள், அதனால் ஒரு கன்னத்தில் வெளிச்சம், மறு கன்னத்தில் நிழல் என்று முகம் தெளிவாக நிற்கும். சுவருக்கு இது வரப்பிரசாதம். கைப்பேசியில் பிளாஷ் போட்டு எடுத்த கல்யாண வீட்டுப் படத்தைவிட நூறு மடங்கு மேல். படத்தைக் கைப்பேசியால் படம் எடுத்து அனுப்பாதீர்கள். கண்ணாடிச் சட்டத்திலிருந்து வெளியே எடுத்து, உயர் தரத்தில் ஸ்கேன் செய்யுங்கள். அந்தக் காலத்தில் படத்தின்மேல் பென்சிலால் கண்ணிமை, மீசை, புருவத்தை டச்சப் செய்யும் வழக்கம் உண்டு. அப்படி இருக்கிறதா என்று ஓவியர் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த டச்சப்காரரின் கைவேலையைத்தான் பல மடங்கு பெரிதாக்கி வரைவார். இப்போது செயலிகளில் போட்டால் மங்கிய படத்தைத் துலக்கிக் கலரும் போட்டுத் தருகின்றன. அதை நான் ஏற்பதில்லை. படத்தில் இல்லாத பல்லையும் தோலையும் அது கற்பனை செய்து நிரப்புகிறது, பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது உங்கள் தாத்தா இல்லை. குடும்பத்தில் யாரிடமாவது வேறு கோணத்தில், தெளிவில்லாத படம் கிடைத்தால்கூட வாங்கி வையுங்கள். மூக்கின் உயரத்தைத் தெரிந்துகொள்ள அது உதவும்.

இப்போது நிறம். கலரில் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் யோசனை, வேண்டாம். கறுப்பு வெள்ளையில், அல்லது செம்பழுப்புச் சாயலில் வரையச் சொல்லுங்கள். காரணங்களைச் சொல்கிறேன். நம் ஆட்களின் தோல் நிறத்தைச் சுவரில் கொண்டுவருவது லேசான காரியம் இல்லை. 'ஸ்கின்' என்று பேர் போட்ட கேன்கள் பெரும்பாலும் வெளிர் ரோஜா நிறத்தில்தான் வரும். பழுப்பில் வெள்ளையைக் கலந்து வெளிச்சம் காட்டப் போனால் முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும், கறுப்பைக் கலந்து நிழல் காட்டினால் செத்துப்போன மாதிரி ஆகிவிடும். கறுத்த தோலில் வெளிச்சம் விழும் இடம் காவி, ஆரஞ்சு பக்கம் போகும். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வானத்தின் நீலம் பளபளக்கும். நிழல் ஆழ்ந்த செம்பழுப்பாகவோ கத்தரிப்பூ நிறமாகவோ இருக்கும். ஸ்பிரேயைக் கிண்ணத்தில் கலக்க முடியாது என்பதால் இதற்கெல்லாம் தனித்தனி கேன் வேண்டும், அல்லது மெல்லிய படலமாக ஒன்றன்மேல் ஒன்று ஊத வேண்டும். செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உங்களிடம் இருப்பது கறுப்பு வெள்ளைப் படம். தாத்தாவின் நிறத்தை யார் நினைவிலிருந்து எடுப்பது? பெரியப்பா மாநிறம் என்பார், அத்தை சிவப்பு என்பார். வீட்டில் சண்டை வரும்.

இரண்டாவது காரணம் வெயில், இதுதான் பெரியது. எல்லா நிறமும் ஒரே வேகத்தில் வெளிறுவதில்லை. செம்மண் நிறம், காவி, பழுப்பு தரும் இரும்பு ஆக்சைடு நிறமிகள் பாறை மாதிரி நிற்கும். கரியிலிருந்து வரும் கறுப்பும் டைட்டானியம் வெள்ளையும் அப்படியே. பளிச்சென்ற சிவப்பு, ரோஜா, மஜெந்தா, எலுமிச்சை மஞ்சள் போன்றவற்றில் பல கரிமச் சேர்ம நிறமிகள், அவற்றில் மலிவானவை வெயிலில் சீக்கிரம் போய்விடும். அதிலும் வெள்ளையோடு கலந்து வெளிர் நிறமாக்கினால் இன்னும் சீக்கிரம். மரத்தையோ மீனையோ வரைந்திருந்தால் இதனால் பெரிய கெடுதல் இல்லை, கொஞ்சம் மங்கலாகும், அவ்வளவுதான். முகத்தில் அப்படியில்லை. உதட்டிலும் கன்னத்திலும் காதோரத்திலும் உள்ள சிவப்பு முதலில் போகும், நீலமும் பச்சையும் மிஞ்சும், ஆள் சீக்காளி மாதிரி ஆகிவிடுவார். கறுப்பு வெள்ளையில் வரைந்தால் மங்கும்போது மொத்தமாக, ஒரே சீராக மங்கும், ஜாடை நிற்கும். ஆஸ்திரேலியாவில் பிரிம் என்ற சின்ன ஊரின் தானியக் குதிர்களில் கைடோ வான் ஹெல்டன் 2016இல் வரைந்து முடித்த விவசாயிகளின் முகங்களைப் பாருங்கள், அடங்கிய பழுப்பும் சாம்பலும்தான். டெல்லியில் அப்போது காவல்துறைத் தலைமையகமாக இருந்த கட்டடத்தின் சுவரில் 2014இல் ஹென்ட்ரிக் பைகிர்ஷும் அன்பு வர்க்கியும் வரைந்த காந்தியும் கறுப்பு வெள்ளைதான். யாரும் அதைக் குறையாக நினைத்ததில்லை.

நம் ஊர் வெயில் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நண்பகலில் புறஊதாக் குறியீடு 11ஐ, அதாவது மிகக் கடுமையான அளவைத் தொடுவது இங்கே சாதாரணம். ஆனால் சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது பெரிய வித்தியாசம் தரும். நாம் நிலநடுக்கோட்டுக்குக் கொஞ்சம் வடக்கே இருப்பதால் வடக்குச் சுவருக்கு ஆண்டின் நடுவிலும் தெற்குச் சுவருக்கு ஆண்டுக் கடைசியிலும் தொடக்கத்திலும்தான் நேர் வெயில், அதுவும் சாய்வாக. கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும் வருடம் முழுக்க வாங்கிக் கட்டிக்கொள்ளும். உங்கள் சுவர் மேற்கு என்றால், மேலே சொன்ன கறுப்பு வெள்ளை யோசனையை இன்னும் அழுத்திச் சொல்வேன்.

வெயிலைவிடத் தண்ணீர்தான் உண்மையான எதிரி. இங்கே வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஓவியம் வெளிறினால் டச்சப் செய்யலாம், சுவர் உரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் ஓவியரைத் தேடுவதற்கு முன் சுவரைப் பாருங்கள். உள்ளங்கையை வைத்துத் தேயுங்கள். கையில் மாவு மாதிரி ஒட்டினால் பழைய பெயிண்ட் செத்துவிட்டது, சுரண்டிக் கழுவி, சுவரை இறுக்கிப் பிடிக்கும் சீலர் பூச்சு அடிக்காமல் அதன்மேல் எதையும் வரையக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா பாருங்கள், குறிப்பாகத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள். பழைய கடைவீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும், நிலத்து ஈரம் மேலே ஏறும், அது வெளியே போக வழி வேண்டும். அப்படிப்பட்ட சுவரில் நாலு கோட்டிங் பிளாஸ்டிக் மாதிரிப் பெயிண்டைப் பூசி, மேலே பளபளப்பாக வார்னிஷும் அடித்தால் ஈரம் உள்ளேயே சிக்கி, கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். சுண்ணாம்புச் சுவருக்கு மூச்சுவிடும் கனிமப் பெயிண்ட்டில் தூரிகையால் வரைவதுதான் சரி. அதில் ஸ்பிரேயின் வழவழப்பு வராது, பரவாயில்லை. புதிதாக சிமெண்ட் பூசிய இடம் இருந்தால் ஏறக்குறைய ஒரு மாதம் காயவிட்டு, காரத்தைத் தாங்கும் பிரைமர் அடித்த பிறகுதான் தொட வேண்டும். சிமெண்டின் காரம் சில நிறமிகளைத் தின்றுவிடும்.

சுவரில் கறுப்பாக ஒழுகிய தடங்கள் எங்கே இருக்கின்றன என்றும் பாருங்கள். அது தூசி இல்லை, பெரும்பாலும் பாசி. மழைநீர் எந்த வழியாக இறங்குகிறதோ அந்த வழியில்தான் வளரும், பெயிண்ட் அடித்தாலும் சில வருடத்தில் அதே இடத்தில் திரும்ப வரும். மேலே ஏர்கான் குழாய் சொட்டுகிறதா, ஜன்னல் விளிம்பிலிருந்து வழிகிறதா, கூரைத் தகரம் சுவரைத் தாண்டி நீண்டிருக்கிறதா? முகத்தை அந்தத் தடத்துக்கு நேரே வைத்தால் தாத்தா கன்னத்தில் கறுப்புக் கண்ணீர் ஓடும். ஒரு தகர மடிப்பை மேலே வைத்துத் தண்ணீரை ஒதுக்குவதற்கு ஆகும் செலவு, ஓவியச் செலவோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. நான் பார்த்தவரை நல்ல சுவரில், நல்ல தயாரிப்போடு, நல்ல பெயிண்டில் வரைந்த முகம் ஐந்தாறு வருடம் கவலையில்லாமல் நிற்கிறது. அதற்குமேல் டச்சப்போடு ஓடும். மோசமான சுவரில் இரண்டாவது மழைக்காலமே சந்தேகம்.

பிரிண்ட் ஒட்டுவது பற்றி. ஸ்டிக்கர் ஒட்டுவது தவறில்லை, கடைக்குள்ளே, வழவழப்பான சுவரில், வெயில் படாத இடத்தில் அது மலிவு, அழகு. வெளியே சொரசொரப்பான பூச்சின்மேல் ஓரம் தூக்கும், பின்னால் ஈரம் சேரும், உரிக்கும்போது சுவரின் பெயிண்டையும் கூட்டிக்கொண்டு வரும். அதைவிட முக்கியமாக, பிரிண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்ய முடியாது, மொத்தமாக மாற்றத்தான் வேண்டும்.

அனுமதி விஷயத்தை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் தெரு ஓவியம் என்பது அனுமதி வாங்கி வரைவது. 1966ஆம் ஆண்டு நாசவேலைச் சட்டப்படி, உரிமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் தனியார் சுவரில் வரைவதும் குற்றம். அபராதமோ சிறையோ, அதோடு பிரம்படியும் அந்தச் சட்டத்தில் உண்டு. 1994இல் ஓர் அமெரிக்க இளைஞருக்கு விழுந்த பிரம்படியை உலகமே பேசியது. நீங்கள் வாடகைக்கு இருப்பவர் என்றால் வீட்டுக்காரரின் வாய்ச்சொல் போதாது, கடிதம் வாங்கி ஓவியர் கையிலும் ஒரு நகல் கொடுங்கள். அடுத்தது, லிட்டில் இந்தியா 1989இல் பழைய கட்டடங்களைக் காப்பதற்கான பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. உங்கள் கடைவீடு அதற்குள் வருகிறதென்றால் நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். பக்கச் சுவர், பின்சுவர் என்றால் வாய்ப்பு அதிகம், முன்முகப்பு என்றால் மறந்துவிடுங்கள்.

என்ன வரைகிறீர்கள் என்பதும் கேள்விக்கு வரும். 2024இல் சவுத் பிரிட்ஜ் சாலைக் கடைவீடு ஒன்றில் ஷான் டன்ஸ்டன் வரைந்த சம்சுயி பெண்மணியின் (அந்தக் காலத்தில் சீனாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்த பெண்) கையில் சிகரெட் இருந்தது. புகார் வந்து, சிகரெட்டை எடுக்கச் சொன்னார்கள், ஊரே விவாதித்தது, கடைசியில் அப்படியே இருக்கட்டும் என்று விட்டார்கள். உங்கள் தாத்தா வாயில் சுருட்டோடு இருக்கிற படம்தான் அது என்றால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லாசால் கலைக் கல்லூரியும் பயணத்துறைக் கழகமும் சேர்ந்து நடத்திவந்த ஆர்ட்வாக் மாதிரித் தெருக்கலைத் திட்டத்துக்குள் வந்த சுவர்களுக்கு இந்த அலைச்சலையெல்லாம் அமைப்பாளர்கள் பார்த்துக்கொண்டார்கள். தனியாகச் செய்யும்போது அது உங்கள் தலையில். லிஃப்ட்டைச் சாலையோரம் நிறுத்துவதற்கும் தனி அனுமதி வேண்டும், மூன்று மீட்டருக்கு மேலே ஆள் ஏறினால் உயரத்தில் வேலை செய்வதற்கான பாதுகாப்பு விதிகளும் சேர்ந்துகொள்ளும். விலை கேட்கும்போது இதெல்லாம் அடக்கமா என்று கேளுங்கள். பெயிண்டைவிட லிஃப்ட் வாடகை அதிகமாக வந்து முழிக்கும் ஆட்களை அடிக்கடி பார்க்கிறேன்.

ஒப்பந்தத்தில் ஒன்றைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய காப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் காசு கொடுத்து வரையச் சொன்ன உருவப்படமாக இருந்தாலும், வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் காப்புரிமை வரைந்தவருக்குத்தான். சுவர் உங்களுடையது, தாத்தா உங்களுடையவர், ஓவியத்தின் உரிமை வரைந்தவருடையது. அந்த ஓவியத்தை மசாலா பாக்கெட்டிலோ பலகார டப்பாவிலோ அச்சடிக்கும் எண்ணம் இருந்தால் முதலிலேயே பேசிவிடுங்கள், அதற்குத் தனியாகக் கொஞ்சம் கேட்பார், அது நியாயம். ஓவியரின் பெயரைச் சுவரின் மூலையில் போடவும் இடம் விடுங்கள்.

டச்சப்புக்கு வருவாரா, எத்தனை வருடம் வரை, என்ன கூலிக்கு என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். எந்தெந்த நிறம், எந்த நிறுவனத்துக் கேன், என்ன எண் என்ற பட்டியலை வேலை முடிந்ததும் கேட்டு வாங்கி வையுங்கள், வேறு ஒருவர் வந்து சரிசெய்ய வேண்டியிருந்தால் அது இல்லாமல் அதே நிறம் கிடைக்காது. வேலைக்கு நாள் குறிக்கும்போது டிசம்பர், ஜனவரியைத் தவிருங்கள், அந்த மாதங்களில் மழை விடாது. மற்ற மாதங்களிலும் பிற்பகலில் இடி மழை வரும் என்பதால் காலையில் வேலை, மதியத்துக்கு மேல் மூடிவைப்பு என்றுதான் போகும், நான்கு நாள் என்று சொன்னது ஏழு நாள் ஆனால் ஆளைக் கடிந்துகொள்ள வேண்டாம். சுவரின் படத்தை இங்கே போடுவதாக இருந்தால், மழை நின்ற அரைமணி நேரத்துக்குள் எடுத்தது ஒன்றும், மாலை நான்கு மணி வெயிலில் எடுத்தது ஒன்றும் போடுங்கள், எதிர்ப்பக்கம் எவ்வளவு தூரம் என்பதையும் அளந்து எழுதுங்கள். அதைப் பார்த்தால் முகத்தை எந்த உயரத்தில், எந்த அளவில் வைக்கலாம் என்று ஓரளவு சொல்ல முடியும்.